எலி வீட்டு மாதிரி

அந்த ஆய்வுக்கூடத்துக்குள் யாரும் சொந்தப் பெயரோடு நுழைய முடியாது. வாசலிலேயே தலைவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டி உள்ளே அனுப்புவார். குளிர்ப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குத் தலையில் முடி இல்லை, அதனால் மொட்டை. கணினியில் கணக்குப் போட்டுத் தருகிற பெண் தணிந்த குரலில் பேசுவாள், அதனால் ஊமை. முக எலும்பு சரியாக வளராமல் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பிறக்கிற குடும்பங்களின் ஜீன்களை ஆராய வந்த டாக்டருக்கு அவர் வைத்த பெயர் சுளிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் எலி அறைக்குள் போய்விட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டே வெளியே வந்தாள், எதிரே தலைவர் நின்றார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டம் வாங்க அவள் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அந்த அறைக்குள் போய்விட்டு யார்தான் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள்? ஜன்னல் கிடையாது. மூத்திரத்தில் ஊறிய மரத்தூள், குட்டி போட்ட எலிகளின் வெதுவெதுப்பு, அதை மறைக்க அடித்த மருந்து, மூன்றும் சேர்ந்து தொண்டையில் வந்து உட்காரும். அரை மணி நேரம் உள்ளே நின்றால் மதியச் சாப்பாட்டில் எலி வாடை அடிக்கும். ஆனாலும் அங்கே போகாமல் அவளுடைய வேலை நடக்காது. மனிதருடைய ஒரே ஒரு ஜீனை எடுத்து அந்த எலிகளுக்குள் வைத்திருந்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கோளாறுள்ள ஜீன், இன்னொரு கூட்டத்துக்குக் கோளாறில்லாத அதே ஜீன். வயிற்றிலிருக்கிற குட்டிகளை எடுத்து, எந்தக் கூட்டத்துக்குத் தாடை எப்படி வளர்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதிலெல்லாம் அவளுக்குப் புகார் இல்லை. எலி எலியாக இருந்தவரைக்கும் அவள் அருவருப்பு மூக்கோடு நின்றது.

மனிதர்களுக்குப் பெயர் வைக்கிற சடங்குதான் வயிற்றைப் புரட்டும். ஆய்வுக்கு வருகிற குடும்பங்களின் உண்மையான பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம், நல்ல சட்டம்தான். பெயர்கள் தலைவரின் அலமாரிக்குள் பூட்டப்பட்டுவிடும், வெளியே நீளமான எண் மட்டும்தான் உலாவும். எண் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதனால் புதுக் குடும்பம் ஒன்று வந்துபோனால், அன்று மாலை டீ நேரத்தில் அவர்களுடைய முகங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டுவார்கள். விரிந்த வாய் வந்தால் தவளை வீடு. மூக்கு கூர்ந்து முகம் ஒடுங்கியிருந்தால் பறவை வீடு. பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொல்வார். யாராவது முகம் மாறினால், பழைய மருத்துவப் புத்தகங்களிலேயே மீன் வாய், பறவை முகம் என்றெல்லாம் இருக்கிறதே, நானா கண்டுபிடித்தேன் என்று கேட்பார். பிஸ்கட் துகள் ஒட்டிய உதட்டோடு அவர் சிரிப்பதைப் பார்த்தால் சுளிப்புக்கு எழுந்து போய்விடலாம் என்றிருக்கும். எழுந்து போனதில்லை. மூக்கை மட்டும் சுளிப்பாள், அதையும் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு எல்லோரும் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

தையல்காரியின் குடும்பம் அங்கே வந்தபோது விழுந்த பெயர் எலி வீடு.

தையல்காரிக்குக் கன்னத்து எலும்பு இல்லை. அதனால் கண்ணின் வெளிமுனைகள் இரண்டும் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். தாடை சிறுத்து உள்ளே போயிருக்கும். காதுகள் முழுதாக விரியாமல் சுருண்டிருந்ததால், தலையைச் சுற்றி ஒரு பட்டை மாட்டி, அதிலிருக்கும் கருவி எலும்பில் அதிர்வதை வைத்துத்தான் காது கேட்பாள். கண்கள் மட்டும் படு சுறுசுறுப்பு. உள்ளே வந்து உட்கார்ந்த உடனேயே டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஒரு கையை மட்டும் ஏற்றமாக வைத்துத் தைத்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய அண்ணன் குழாய் ரிப்பேர்காரர். அவருக்கும் அதே முகம்தான், கொஞ்சம் லேசாக. தாடி வைத்து மறைத்திருந்தார்.

அவர்கள் ஆராய்ச்சிக்கு வந்தது ஆராய்ச்சி மேல் இருந்த ஆசையால் அல்ல. அண்ணனுடைய முதல் பிள்ளை அந்தத் தாடையோடு பிறந்தது. தாடை மிகச் சிறியதாக இருந்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். பிரசவ விடுதியில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. பிள்ளை அழவில்லை, நீலம் பாய்ந்தது, போய்விட்டது. பெயர்கூட வைக்கவில்லை என்று சொல்லும்போது அண்ணன் தன் கையிலிருந்த பழைய தீக்காயத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். இப்போது தங்கை உண்டாகியிருக்கிறாள். இந்த முறையாவது முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி.

முடியும் என்று டாக்டர் சொன்னாள். குடும்பத்தில் ஓடுகிற கோளாறு எந்த ஜீனில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். பிள்ளைக்கு அது வருவதும் வராமல் போவதும் சரிபாதி வாய்ப்பு. பனிக்குட நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வந்திருந்தாலும் பயமில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டர் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும், பிறந்த கையோடு குழாய் வைத்து மூச்சுக்கு வழி செய்துவிடலாம். யாரும் பக்கத்தில் இல்லாமல் பிறந்தால்தான் ஆபத்து. இதை அவள் தையல்காரியின் கருவிக்குக் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

பனிக்குட நீர் எடுத்தார்கள், சோதித்தார்கள், கோளாறில்லை என்று முடிவு வந்தது. அன்றைக்குத் தையல்காரி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவளுக்கு இரட்டைச் சந்தோஷம். பிள்ளை நன்றாக இருக்கிறது என்பது ஒன்று, இனிமேல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம் என்பது இன்னொன்று. அங்கே அவளை ஒரு தடவை மாணவர்கள் மொய்த்துக்கொண்டார்கள். ஒருவன் பக்கவாட்டில் திரும்பச் சொல்லி முகவாயில் அளவுகோல் வைத்தான். வயிற்றைக் காட்ட வந்தவளிடம் வயிற்றை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பிரசவ விடுதி இருந்தது, அங்கேயே பெற்றுக்கொள்ளப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தையல்காரிக்கு மாதம் நெருங்கியபோது டாக்டர் ஒரு கட்டுரைக்காகப் பழைய மாதிரிகளின் ஜீன்களை எல்லாம் கருவியில் விரிவாகப் படிக்கக் கொடுத்தாள். முன்பு பார்த்தது அந்த ஒரு ஜீனை மட்டும்தான். இந்த முறை மாதிரியில் உள்ள எல்லாவற்றையும் கருவி படிக்கும். காலையில் வந்து திரையைத் திறந்தால் தையல்காரியின் கருவில் எடுத்த மாதிரிக்கு நேராகச் சிவப்புக் கோடு. ஒரே ஒரு ஜீன் மனிதருடையது, மீதி எல்லாம் எலி என்று கருவி சொல்லிற்று.

மொட்டை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். எலி வீட்டில் எலியே பிறக்கப்போகிறதாக்கும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. பெயர்கள் புழங்கிப் புழங்கி அவருக்கு அது ஜோக் என்றுகூடத் தோன்றாத அளவுக்குப் பழகிவிட்டிருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் டாக்டரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

இரண்டு பேரும் ஓடிப்போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தார்கள். மனிதர் வரிசையில் ஒரு குழாய்: எலி, தாய் 2, கரு. எலி அறை வரிசையில் இன்னொரு குழாய்: எலி, தாய் 2, கரு. அந்தக் குடும்பத்தில் அண்ணன் மனைவி முதல் தாய், தையல்காரி இரண்டாவது. எலி அறையிலும் இரண்டாவது கூண்டில் ஒரு தாய் இருந்தது, கோளாறில்லாத கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே நாளில் இரண்டு குழாய்களும் ஒரே தட்டில் வந்திருக்கின்றன. மொட்டை என்ன செய்வார்? ஒன்றை இங்கே வைத்தார், ஒன்றை அங்கே வைத்தார். சோதனை அந்த ஒரு ஜீனை மட்டும் பார்த்ததால், எலிக்குள் இருந்த மனித ஜீனைப் பார்த்துவிட்டுக் கோளாறில்லை என்று சொல்லிவிட்டது.

எலி வரிசையில் இருந்த குழாயின் மேல் இருந்த எழுத்தை அவள் பார்த்தாள். சாய்வாக, கால்களை இழுத்துவிட்டு எழுதுகிற எழுத்து. அவளுடையது. குழாய் சின்னது, எண் நீளம், கையுறை வேறு ஈரம். அன்றைக்கு அவசரத்தில் எண்ணை எழுத அவளுக்குச் சோம்பலாக இருந்திருக்கிறது. எத்தனையோ தடவை மூக்கைச் சுளித்தவள், சுளித்துக்கொண்டே எழுதியும் இருக்கிறாள். தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு. கையுறையைக் கழற்றிக் கையை முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினாள். வாடை போகவில்லை.

எலி வரிசையில் கிடந்த அந்தக் குழாயை அவளே சோதனைக்குப் போட்டாள், வேறு யாரையும் தொடவிடவில்லை. அடுத்த நாள் முடிவு வந்தது. மனிதக் கரு, தையல்காரியின் கருதான், கோளாறு இருந்தது.

தலைவருடைய அறைக்குள் அவள் நுழைந்தபோது அவர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். மேஜை முழுக்க முகங்கள், அடுத்த கருத்தரங்குக்காகப் பெரிதாக எடுத்த படங்கள். முட்டை ஓட்டை அவர் ஒரு சின்னப் பையனின் நெற்றியின் மேல் குவித்து வைத்திருந்தார். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் மென்றுகொண்டே கேட்டார். மஞ்சள் கரு மீசையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. கடைசியில் விரலை ஒரு படத்தின் பின்பக்கத்தில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? மாதிரி கெட்டுப்போச்சு, மறுபடியும் பாக்கணும்னு ரெண்டு வரி எழுதித் தபால்ல போடு."

இந்த வாரமே பிறந்துவிடலாம், தபால் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றாள் அவள். போய்ச் சேர்ந்தாலும் அவர்கள் நம்பமாட்டார்கள். நல்ல சேதி கேட்டவர்கள் அதை விட்டுவிட்டு மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிக்கு எதற்கு வரப்போகிறார்கள்? நேரில் போய் முழுசாகச் சொன்னால்தான் அசைவார்கள்.

"போ. தாராளமாப் போ. ஆனா எலிங்கிற வார்த்தை இந்த அறையைத் தாண்டக் கூடாது. மாதிரி மாறிப்போச்சுன்னு சொல்லு, அது பொய் இல்லையே. அந்த வார்த்தை வெளிய போச்சுன்னா ஒரு குடும்பமும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது. உன் ஆராய்ச்சியும் சேர்ந்துதான் போகும், சுளிப்பு."

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் குமட்டிற்று. அந்த ஆராய்ச்சி இல்லையென்றால் அடுத்த குடும்பத்துக்கு யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். ஒரு அசிங்கத்தை மூடிவைத்தால்தான் நல்லது நடக்கும் என்று ஆகும்படி அந்த இடத்தை எத்தனை காலமாக எல்லோரும் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள்! அவள் பையனின் நெற்றியிலிருந்த முட்டை ஓட்டைத் தட்டிவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பேருந்தில் உட்கார்ந்து வாக்கியத்தைத் தயார் செய்தாள். மாதிரி மாறிப்போய்விட்டது. முதலில் சொன்ன முடிவு தவறு. பிள்ளைக்கு அது இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றே வரவேண்டும். எல்லாம் சுத்தமான வாக்கியங்கள், ஒன்றிலும் வால் இல்லை. தலைவருடைய யோசனைப்படியே வாக்கியம் அமைகிறது என்பது தெரிந்ததும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் மாற்றவில்லை. அவர்கள் கிளம்பினால் போதும், வார்த்தை எதற்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தையல்காரியின் வீடு ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே, இரண்டு அறை. முன்னறையில் பாதியை மிஷினும் வெட்டுத் துணியும் பிடித்துக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடச் சீருடைகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. ஜன்னல் கம்பியில் கொடி கட்டி உள்ளங்கை அகலத்தில் சின்னச் சட்டைகள் தொங்கின, மீந்துபோன சீருடைத் துணியில் தைத்தவை. புருஷன் பஸ் ஓட்டப் போயிருந்தார். அண்ணன் சமையலறைத் தொட்டிக்குக் கீழே படுத்துக் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுக் குழாய் மட்டும் எப்போதும் ஒழுகும், ஊராருக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவருக்கு இங்கே வர நேரம் இருக்காது என்று தையல்காரி குற்றம் சொல்லிச் சிரித்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து டீ போட்டாள். டாக்டர் வீட்டுக்கு வந்ததே அவளுக்குப் பெருமை.

டாக்டர் கோப்பையைத் தொடவில்லை. வாக்கியங்களை வரிசையாகச் சொன்னாள்.

தையல்காரி பட்டையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். டாக்டர் மறுபடியும் சொன்னாள். அண்ணன் தொட்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து ஈரக் கையோடு நின்றார். யாரும் கத்தவில்லை. தையல்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிற்றைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். இதே விடுதியில்தானே என்று அவள் ஆரம்பித்ததும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பிள்ளை போனதும் அதே விடுதியில்தான்.

அண்ணன் தாடியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ எங்க சேதி வேற யாருக்கோ போயிருக்குமே டாக்டரம்மா. மாறிப்போச்சுன்னா ரெண்டு பேருக்கும்தானே மாறியிருக்கும்? அந்த வீட்டுப் பொண்ணு இத்தன நாளா பயந்துட்டு இருந்திருக்குமே, பாவம். அவங்ககிட்ட முதல்ல சொல்லிட்டீங்களா?"

டாக்டர் தயார் செய்துகொண்டு வந்ததில் இதற்கு வாக்கியம் இல்லை. சொல்லியாயிற்று என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில் வந்தது. அவர்கள் இருவரும், அந்த இன்னொரு வீட்டுப் பெண்ணுக்காக, இல்லவே இல்லாத ஒருத்திக்காக, இரக்கத்தோடு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கும் ஒரு பொய்யைப் பூசினால் அப்புறம் அவள் எந்தத் தண்ணீரில் கையைக் கழுவுவாள்?

"வேற வீடு இல்ல. எலியோட மாறிப்போச்சு."

"எளிதா மாறிப்போச்சா?" என்றாள் தையல்காரி, பட்டையை அழுத்திக்கொண்டு.

"எலி." டாக்டர் குரலை உயர்த்தவேண்டியிருந்தது. அந்த வார்த்தையை அவளுக்குக் கேட்கிற மாதிரி, நிறுத்தி, தெளிவாகச் சொல்லவேண்டியிருந்தது. "வால் இருக்கிற எலி. நாங்க கூண்டுல வளர்க்கிறது."

எலியோட குழாயும் எங்க குழாயும் எப்படிம்மா ஒண்ணாகும் என்று அண்ணன் கேட்டார். குழாய் வேலை பார்க்கிறவர், அவருக்கு அது உண்மையிலேயே புரியவில்லை. இரண்டின் மேலும் ஒரே பெயர் எழுதியிருந்தது என்று டாக்டர் சொன்னாள். ஏன் ஒரே பெயர் என்று அவர் அடுத்தபடியாகக் கேட்கவில்லை. கேட்க வாயைத் திறந்தார், அதற்குள் புரிந்துவிட்டது. கை தானாகப் போய்த் தாடியை மூடிக்கொண்டது. அத்தோடு விட்டிருக்கலாம், ஆனால் டாக்டர் நிறுத்தவில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு, உங்கள் குடும்பத்துக்கு இது, குழாயில் எழுதியது நான்தான், என் கையெழுத்துதான் என்று முழுசாகச் சொல்லி முடித்தாள். அதுவரை சொன்ன மருத்துவப் பேச்செல்லாம் ஒரு நிமிஷத்தில் அந்த எலி அறையின் வாடையாக மாறி முன்னறை முழுக்க நிரம்பியது போல் அவளுக்கு இருந்தது.

தையல்காரி உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது, கொடியிலிருந்த சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவி அதற்குள் போட்டாள். டாக்டர் தொடாமல் வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். அண்ணன் முடுக்கிய குழாய் ஒழுகவில்லை. அப்புறம்தான் டாக்டருக்கு நேராக வந்து நின்றாள்.

"வரேன். என் பிள்ளை மூச்சு விடணும், அதுக்காக வரேன். யார் யார் நிக்கணுமோ எல்லாரையும் நிக்கச் சொல்லுங்க." பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டாள், பதிலை ஒரு எழுத்து விடாமல் கேட்கவேண்டும் என்பது போல. "ஆனா நீங்க அது முகத்தப் பாக்கக் கூடாது. இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும். நீங்க பாத்தா உங்களுக்கு எலிதான் தெரியும்."

அப்படித் தெரியாது என்று சொல்ல டாக்டருக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இவளை முதன்முதலில் பார்த்த அன்று, சுவரில் அந்த முகம் பெரிதாக விழுந்து, தலைவர் அந்தப் பெயரைச் சொன்ன கணத்தில், அவள் கண்ணுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. பார்க்கமாட்டேன் என்றாள்.

ஆஸ்பத்திரியில் செய்யவேண்டியதை எல்லாம் அவள் ஒரு வெறியோடு செய்தாள். தொண்டை டாக்டரைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொல்லி, குழாயின் அளவுவரை பேசிவைத்தாள். இரண்டு நாள் கழித்துத் தையல்காரிக்கு வலி எடுத்தது, அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்கவேண்டும் என்றார்கள். சேதி எப்படியோ பரவி, அபூர்வமான கேஸ் என்று கேள்விப்பட்டு மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். சுளிப்பு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஒருவன் நாங்கள் கற்றுக்கொள்ளத்தானே வருகிறோம் என்று முணுமுணுத்தான். வேறு எங்கேயாவது போய்க் கற்றுக்கொள் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லி அனுப்பினாள். அவன் போனபிறகு, தனக்கு யாரும் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது தலைவர் போனில் கூப்பிட்டார். குரலில் கோபத்தின் சாயலே இல்லை, நல்ல உற்சாகமாக இருந்தார். நீ வார்த்தையைக் கொட்டிவிட்டாய் என்று தெரியும், போகட்டும், அதைப் பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார்.

"எப்படியோ மூணாந் தலைமுறை கையில கிடைச்சிருக்கு. தாத்தா இல்லாட்டியும் படம் இருக்கு, அம்மா இருக்கா, இப்ப குழந்தை. கழுவித் துடைக்கிறதுக்கு முன்னாடி நேராவும் பக்கவாட்டுலயும் ரெண்டு படம் எடுத்துடு."

பேச்சுக்கு நடுவே அவர் எதையோ மெல்லுகிற சத்தம் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, அதில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி எட்டப் பிடித்து, அணைத்தாள். வாந்தி தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். விழுங்கிப் பழக்கம்தானே.

கதவு திறந்து தள்ளுவண்டி வருகிற சத்தம் கேட்டது. இரண்டு நர்சுகள், நடுவில் கண்ணாடிப் பெட்டி, பின்னால் தொண்டை டாக்டர் ஓட்டமும் நடையுமாக. அவள் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். வெளிர்பச்சை எண்ணெய்ப் பெயின்ட் அடித்த சுவர், யார் யாரோ சாய்ந்து சாய்ந்து தோள் உயரத்தில் அழுக்குப் பட்டை படிந்திருந்தது. வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே அவள் முதுகைக் கடந்துபோனது. அழுகைச் சத்தம் இல்லை. இல்லாதது எதனால் என்று அவளுக்குத் தெரியவில்லை. தொண்டையில் குழாய் இருந்தால் சத்தம் வராது. அண்ணனுடைய பிள்ளைக்கும்தான் சத்தம் வரவில்லை. கழுத்தை ஒரு கால்வாசி திருப்பினால் போதும், நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

அண்ணன் வந்தது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. அவள் திரும்பினாள். அவருக்குத் தாடி கண்ணீரில் நனைந்து ஒட்டியிருந்தது.

"மூச்சு விடுது. குழாய் வச்சிருக்காங்க, நல்லா விடுது. பொண்ணு."

நல்லது என்றாள். பிள்ளை பிறந்த சேதி கேட்டால் எந்த வீட்டிலும், எந்தத் தெருவிலும், அடுத்ததாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. முன்பின் தெரியாத பால்காரர்கூட அதைக் கேட்பார். யார் ஜாடை? அவள் படித்தது, எலி வளர்த்தது, கண் கெட்டுப்போகிற அளவுக்குத் திரையைப் பார்த்தது எல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான். அது அவள் உதடுவரை வந்து நின்றது, வந்து நிற்பது அண்ணனுக்கும் தெரிந்தது.

"கேக்காதீங்க," என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை.

அவள் கேட்கவில்லை.